தொடாதே பட்டியல்

அவளுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. ‘எல்லாம்.’ யாராவது “எல்லாம் சரி” என்று சொல்லிவிட்டால் போதும், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு “எது எது?” என்று கேட்பாள். எங்கள் அறைக்குக் கீழே போன் திருத்தும் கடை வைத்திருந்தவர் ஒரு நாள் படியில் கண்டு, “வீட்டிலை எல்லாரும் சுகமோ பிள்ளை?” என்று கேட்டுவிட்டார். “அப்பாவுக்குக் கால் நோ. அம்மாவுக்குப் பல். தங்கச்சி சுகம். ஆடு தீன் எடுக்குதில்லை” என்று படியிலேயே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் அவளைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், அந்தக் கடைக்கு மேலே, மூன்று மேசையும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை எங்களுடையது. கட்டைகளால் ஆன அந்தக் கணினி விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிப் பார்த்திருப்பீர்கள். அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டைகள். உடைக்கலாம், பொறுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். வெளியாட்களும் புதிய பொருட்களைச் செய்து அதற்குள் போடலாம் என்பது அதிலுள்ள வசதி. அந்த வசதியை நம்பி யாழ்ப்பாணத்தையே அதற்குள் போட்டுவிடுவது என்று வெளிக்கிட்டோம். கிடுகு வேலி, மீன்பெட்டி, நண்டு, முச்சக்கரவண்டி, கொத்துரொட்டித் தட்டு. நான் கோட் எழுதினேன். குருநகர் நண்பன் ஒருவன் படம் வரைந்தான். அவனைச் சித்திரக்காரன் என்றே கூப்பிடுவோம். அவள் கோப்புகள் எழுதினாள்.

கோப்புகள் என்று சொன்னேனே, அவற்றில்தான் வில்லங்கம். ஒரு பொருளை விளையாட்டுக்குள் விடுவதென்றால் அதற்கு நாலைந்து சின்னக் கோப்புகள் வேண்டும். அது எப்படித் தெரியும், உடைத்தால் என்ன விழும், எதைக் கொண்டு செய்வது, பெயர் என்ன. ஒவ்வொன்றிலும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி. ஒரு காற்புள்ளி பிசகினாலும் விளையாட்டு முறைத்துக்கொண்டு நின்றுவிடும். புத்தியுள்ள எவனும் இவற்றைக் கையால் எழுதமாட்டான். ஒரு நிரலை எழுதி ஓடவிட்டால், பொருட்களின் பெயர்களைப் பார்த்து அதுவே அத்தனை கோப்புகளையும் ஒரு நொடியில் எழுதித் தள்ளிவிடும். நான் புத்தியுள்ளவன். அப்படி ஒன்றை எழுதி, அதற்குத் ‘தானெழுதி’ என்று பெயரும் சூட்டியிருந்தேன்.

அவள் கையால் எழுதினாள்.

என்னுடைய வயதுதான் அவளுக்கும். அப்பா வடமராட்சிக் கரையில் கடலுக்குப் போகிறவர். காலையில் கரவெட்டியில், பிரதேச செயலகத்துக்கு முன்னால் உள்ள தட்டச்சுக் கடையில் வேலை. பின்னேரம் பஸ் ஏறி எங்களிடம் வந்துவிடுவாள். வந்த முதல் நாள் தானெழுதியை ஓட்டிக் காட்டிவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன். அவள் கிடுகு வேலியின் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

“வேலியை உடைச்சா என்ன விழும்?”

“வேலி விழும்.”

“வேலியை உடைச்சா வேலியோ விழும்? உங்கடை வீட்டுக்கு வேலி இருக்கோ?”

“மதில்.”

“அதுதான்.”

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தானெழுதி எழுதியதை அழித்துவிட்டு ஒரு மணித்தியாலம் தட்டினாள். அவள் செய்த வேலியை உடைத்தால் நட்ட கதியால் தடி ஒன்று விழும், பின்னிய ஓலைக் கிடுகு இரண்டு விழும், மூன்று தடவைக்கு ஒரு தடவை கயிறும் விழும். பத்துத் தடவைக்கு ஒரு தடவை கடுதாசி ஒன்று விழும். எடுத்து வாசித்தால், ‘ஐயா, மேற்படி நபர் எனது எல்லைக்குள் ஒரு அடி தள்ளி வேலி அடைத்துள்ளார் என்பதை மிகத் தாழ்மையுடன்’ என்று பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடு.

சித்திரக்காரன் நிலத்தில் உருண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது. என்னுடைய தானெழுதி ஏழு பிறப்பெடுத்தாலும் அந்தக் கடுதாசியை எழுதாது என்று விளங்கிவிட்டது. அவளை எனக்குப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த எந்த நாளிலும் சொல்லவில்லை.

ஏன் இப்படிக் கையால் எழுதிக் கஷ்டப்படுகிறாள் என்று ஒரு நாள் கேட்டேன்.

“எங்கடை கடை முதலாளி ஒரு கடிதத்தை அடிச்சுக் கொம்பியூட்டரிலை வைச்சிருப்பார். வாற ஆக்களுக்கு அதிலை பேரை மட்டும் மாத்திக் குடுக்கிறது. ஒரு நாள் வீட்டுத்திட்டத்துக்குக் கடிதம் அடிக்க ஒரு ஐயா வந்தவர். முதலாளி பேரை மாத்தினார், விலாசத்தை மாத்தினார். ‘எனது மனைவி காலமாகிவிட்டதால்’ எண்ட வரியை மாத்தேல்லை. அது அவருக்கு முதல் வந்த ஆளின்ரை வரி.”

“பேந்து?”

“மனுசி பக்கத்திலைதான் நிண்டவ. கையிலை குடை. நல்லா வாசிக்கத் தெரிஞ்ச மனுசி.”

குடையால் முதல் அடி புருசனுக்கு, ‘என்னைச் சாகக் குடுக்க எத்தினை நாளா நினைச்சிருந்தனீர்?’ என்று. இரண்டாவது அடி முதலாளிக்கு. பிறகு இவள் அந்த அம்மாவை உட்கார வைத்து, அவர் உயிரோடு இருக்கிற விவரத்தை முதல் வரியிலேயே போட்டுப் புதிதாக ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தாளாம். “அண்டையிலையிருந்து நான் ஒண்டைப் பாத்து ஒண்டை அடிக்கிறேல்லை” என்றாள்.

தட்டும்போது அவளுக்கு வாய் சும்மா இராது. அடைப்புக்குறி போடும்போதெல்லாம் “திறந்தாச்சு” என்பாள். முடிக்கும்போது “பூட்டியாச்சு” என்பாள். பின்னேரம் முழுக்க அறைக்குள் இதே சத்தம்தான். சில கிழமைகளில் சித்திரக்காரன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது “திறந்தாச்சு” என்றான். நான் வீட்டில் கேற்றைச் சாத்திக்கொண்டு “பூட்டியாச்சு” என்று சொல்ல, அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நிரலை ஓட்டும்போது திரையில் வரிகள் ஓடும். சிவப்பு வரி என்றால் பிழை, எல்லாம் நின்றுவிடும். மஞ்சள் வரி என்றால் வெறும் எச்சரிக்கை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற ஒன்றை நிறுத்தி எதற்கு வாசிப்பது என்பது என்னுடைய கட்சி. அவளோ ஒவ்வொரு மஞ்சள் வரியையும் விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பாள்.

“மஞ்சளிலையும் ஆரோ உமக்கு ஏதோ சொல்லினம்தானே. ஒருக்கா வாசிச்சா என்ன குறைஞ்சு போயிடுவீரோ?”

“ஓம் ஓம்” என்பேன். வாசிக்கமாட்டேன்.

நண்டுக்கு மட்டும் ஒரு கிழமை எடுத்தாள். நிலாக் காலத்து நண்டில் சதை இராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளையாட்டுக்குள்ளும் நிலா உண்டு, வளரும், தேயும். “அப்ப பறுவத்திலை, முழு நிலவிலை பிடிச்ச நண்டை உடைச்சா வெறுங்கோதுதான் விழோணும்” என்று பிடிவாதமாக நின்றாள். நிலாவையும் நண்டையும் ஒன்றோடொன்று முடிந்துவிட நான் தனியாகக் கோட் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டு நண்டுக்கு இவ்வளவு சோலியா என்று வாயால் முணுமுணுத்தேன். உள்ளுக்குள் எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அவள் கேட்டால் சூரியனையும் இறாலையும் முடிந்துவிட்டிருப்பேன்.

இனி என்னுடைய மகா கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். நகரத்து மண்டபம் ஒன்றில் கண்காட்சி வந்தது. புதிய கணினி வேலைகளை ஆட்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். எங்களுக்கும் ஒரு மேசை தந்தார்கள். நாலு நாள் இருக்கும்போது அவளுக்கு இன்னும் மீன் வகைகள் பாக்கி. விரல் நோகிறது என்று கையை உதறிக்கொண்டிருந்தாள். என் மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில், அவள் கரவெட்டியில் இருக்கும் நேரத்தில், மீன்களை மட்டும் தானெழுதியால் செய்து முடித்துவிடுவது. பின்னேரம் வந்து பார்த்து அவள் சந்தோசப்படுவாள். அந்தச் சந்தோசத்தோடு சந்தோசமாக நான் என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுவது. திட்டம் இதுதான். சட்டைகூடப் புதிது.

தானெழுதிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எழுதத் தொடங்குமுன், பழைய குப்பை கிடக்கக்கூடாது என்று போல்டரைக் கூட்டித் துடைத்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பழக்கியவன் நான்தான். அவளுடைய போல்டர் வேறு, தானெழுதியின் போல்டர் வேறு. அவசரத்தில் நான் கொடுத்தது அவளுடையதை; பெயர்களையும் மீன்களை மட்டும் பிரிக்காமல் முழுதாக. பொத்தானை அமத்தினேன். மஞ்சள் வரிகள் நிறைய ஓடின, வழக்கம்போல நான் பார்க்கவில்லை. கடைசியில், கோப்புகள் வெற்றிகரமாக எழுதப்பட்டன என்று பச்சையில் வந்தது. பெருமையோடு விளையாட்டைத் திறந்து, கண்ணில் பட்ட வேலியை உடைத்தேன்.

வேலி விழுந்தது.

வேறொரு வேலியை உடைத்தேன். அதுவும் வேலியாகவே விழுந்தது. பறுவ நிலாவில் நண்டை உடைத்தேன். முழு நண்டு, கொழுத்த நண்டு, கையில் வந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தேன். அதே போல்டருக்குள்.

பின்னேரம் அவள் படியேறி வரும் சத்தம் கேட்டதும் சித்திரக்காரன், “நான் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வாறன்” என்று இறங்கி ஓடிவிட்டான்.

“என்ன, ஒரு மாதிரி நிக்கிறீர்? புதுச் சேட்டு வேற” என்றாள்.

“பைல் அழிஞ்சு போச்சுது. நான்தான் அழிச்சனான்.”

“எது?”

“எல்லாம்.”

அவள் பையை மேசையில் வைத்தாள். “எது எது எண்டு கேட்டனான்.”

சொல்லத் தொடங்கினேன். கிடுகு வேலி. கதியால். மீன்பெட்டி. பனங்கிழங்கு. சொல்லச் சொல்ல, எத்தனை பின்னேரங்களை ஒரு பொத்தானால் கூட்டித் தள்ளிவிட்டேன் என்று தெரிந்தது. நண்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்துச் சொன்னேன். நான் முடித்த பிறகு, “கொத்துரொட்டித் தட்டு?” என்று மட்டும் கேட்டாள். “அதுவும்” என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இனி இந்தப் படியை மிதிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

“உந்த முழியை விட்டிட்டு இரும்” என்றாள். “கையைக் கீபோர்டிலை வையும். திறவும்.”

“எதை?”

“அடைப்புக்குறியை. வேலியிலையிருந்து துவங்குவம்.”

ரோல்சோடு திரும்பி வந்த சித்திரக்காரனையும் பிடித்து அடுத்த மேசையில் இருத்தினாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். யன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து யன்னலுக்கும் நடந்துகொண்டே சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் தட்டினோம். எனக்கு வேலி, அவனுக்கு மீன். ஒரு எழுத்து அவள் மறக்கவில்லை. “கயிறு எத்தினைக்கு ஒருக்கா?” என்று சோதித்துப் பார்த்தேன். “மூண்டுக்கு ஒருக்கா. பழங்கயிறெல்லே, மற்ற நேரம் அறும்” என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். தானெழுதியை எழுதியவன் நான். அது எழுதிய கோப்பில் ஒரு வரிகூட எனக்குப் பாடமில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் மூன்று பேருக்கும் விசர் பிடித்துவிட்டது. கீழே பஸ் நடத்துனர் “பருத்தித்துறை, பருத்தித்துறை” என்று கூவிக்கொண்டிருந்தார். சித்திரக்காரன் களைப்பில் அதையும் மீன்பெட்டிக் கோப்புக்குள் தட்டிவிட்டான். கண்டுபிடித்து அழிக்கப் போனபோது அவள் தடுத்தாள். “இருக்கட்டும். மீன் வாங்கப் போனவர் பஸ் ரிக்கற்றைப் பெட்டிக்குள்ளை விழுத்திப்போட்டார் எண்டு வைப்பம்.” அன்று முதல் எங்கள் மீன்பெட்டியை உடைத்தால் எப்போதாவது ஒரு முறை பருத்தித்துறைக்கு ரிக்கற் விழும். நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். விரல் பத்தும் வீங்கிப்போய், கண் எரிந்து, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

கண்காட்சிக்குச் சித்திரக்காரனின் அம்மா குருநகர்ச் சந்தையிலிருந்து கூட்டாளிப் பெண்களோடு நேரே வந்தா. மீன் விற்கிறவ. மகன் கெஞ்சியதற்காகக் கதிரையில் இருந்து, விளையாட்டுக்குள் நண்டு ஒன்றைப் பிடித்து உடைத்தா. வெறுங்கோது விழுந்தது. முகம் சுளித்தவ, தலையை நிமிர்த்தித் திரைக்குள் வானத்தைப் பார்த்தா. சதுரமாக ஒரு முழு நிலா.

“மாதாவே! நிலாக் காலத்து நண்டடா இது!” என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினா. “எடியேய், இஞ்சை வந்து பாருங்கோடி, கொம்பியூட்டருக்கும் தெரிஞ்சிருக்கு!”

அதற்குப் பிறகு எங்கள் மேசையை நெருங்க முடியவில்லை. வேலியை உடைத்து முறைப்பாட்டுக் கடுதாசி எடுக்க வரிசை நின்றது. அவள் கூட்டத்துக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவோம் என்று இரண்டு அடி வைத்தேன். சித்திரக்காரனின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, கணவாய் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று விளக்கம் கேட்டா. அந்த விளக்கம் முடிவதற்குள் அவளுடைய கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

கண்காட்சி முடிந்த அடுத்த நாள் தானெழுதிக்கு ஒரு விலங்கு பூட்டினேன். ஒரு பட்டியல். அதில் பெயர் உள்ள எதையும் தானெழுதி தொடக்கூடாது; தாண்டிப் போய்விட வேண்டும். பட்டியலில் உள்ள பெயரில் பொருள் ஒன்றும் இல்லாவிட்டால் மஞ்சளில் ஒரு வரி சொல்ல வேண்டும். பட்டியலை அவளிடமே கொடுத்தேன். அவள் முதல் வரியில், ‘இதெல்லாம்’ என்று எழுதப்போய், அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ‘கீழே உள்ளவை நான் கையால் செய்பவை, மெசின் தொடக்கூடாது’ என்று எழுதினாள். பிறகு ஒவ்வொரு பெயராகச் சேர்த்துக்கொண்டே போனாள். கடைசியில் தானெழுதிக்கு மிஞ்சியவை கல்லும் மணலும்தான். அவளுடைய பட்டியல் என்பதால் அதற்குப் பிறகு நான் அதைத் திறந்தும் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்தில் அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதியதை வாசித்துப் பிழை பிடிக்கிற வேலை. அவளுக்கென்றே செய்துவைத்த வேலை. பஸ் ஏற்றிவிடப் போனேன். அன்றைக்கும் புதுச் சேட்டு. வாய் மட்டும் பழையது.

“மஞ்சள் வரியை ஒருக்காலாவது வாசியும்” என்றாள் யன்னலுக்குள்ளிருந்து.

“ஓம் ஓம்” என்றேன்.

அந்த ‘ஓம் ஓம்’ நினைவுக்கு வரும்போது இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். மூன்று வருசம் போய்விட்டது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவேன். வீட்டில் யார் யார் சுகம், ஆடு எத்தனை குட்டி என்று பதில் வரும். அதைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன்.

போன கிழமை விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. போல்டர்களின் பெயர்களை மாற்றிவிட்டிருந்தார்கள். பழைய வேலையைத் திருத்த நானும் சித்திரக்காரனும் அந்த அறையில் இரண்டு நாள் இருந்தோம். இந்தத் தடவை மஞ்சள் வரிகளும் பெருகி வழிந்ததால் வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நாற்பது, பத்து, மூன்று என்று குறைந்து வந்து கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் வரி மிஞ்சியது. தனியாக நின்றதால் வாசித்தேன்.

‘தொடாதே பட்டியலில் உள்ள இந்தப் பெயரில் பொருள் இல்லை. தாண்டிப் போகிறேன்.’ அதற்குப் பக்கத்தில், விளையாட்டின் சட்டப்படி முழுவதும் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், என்னுடைய பெயர்.

பட்டியலைத் திறந்தேன். மேலே, ‘கீழே உள்ளவை நான் கையால் செய்பவை, மெசின் தொடக்கூடாது.’ வேலி, நண்டு, மீன்பெட்டி, கொத்துரொட்டித் தட்டு. ஆகக் கீழே நான். கோப்பின் தேதியைப் பார்த்தேன்: அவள் கொழும்புக்குப் போன நாள் காலையில் சேர்த்தது. மூன்று வருசமாக, தானெழுதியை ஓட்டிய ஒவ்வொரு தடவையும், என் மூக்குக்கு முன்னால் அது சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறது.

கதிரை விழுந்தது. கதவு வரைக்கும் ஓடி, ஏன் ஓடினேன் என்று தெரியாமல் திரும்பி ஓடி வந்தேன். “என்னடா, கறண்ட் அடிச்சதோ?” என்றான் சித்திரக்காரன். போனை எடுத்தேன். இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது. மூன்றாம் தடவை அவள்.

“மஞ்சள் வரி வாசிச்சனான்” என்றேன்.

அந்தப் பக்கம் கீபோர்டுச் சத்தம் நின்றது. “எது?”

“என்ரை பேர் உள்ளது.”

“இப்பதானோ?”

“இப்பதான்.”

“மூண்டு வருசம்! அந்த மெசினுக்கே வாய் நொந்திருக்கும்.” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சிரிப்புத்தான் என்று பிறகு விளங்கியது.

“அந்தப் பேரைப் பட்டியலிலையிருந்து எடுக்கோணுமோ?” என்று கேட்டேன். இப்படியும் ஒரு மனிதன் கேட்பானா? கேட்டேன்.

“கையை எடும் அங்காலை. அது என்ரை வேலை. சனிக்கிழமை பஸ்சிலை வாறன்.”

விழுந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். “வாரும், வாரும். உமக்குச் சொல்லக் கனக்க இருக்கு. வந்தவுடனை எல்லாம் சொல்லுறன்.”

“எது எது?” என்றாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். கொப்பி ஒன்று வாங்கி, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையால்.